அண்ணன் இறங்காத ஆட்டம்

கடைசி விசில் ஊதியபோது என் மடியில் ஆறு பேருடைய சட்டைகள் இருந்தன. சட்டைகளுக்கு மேலே கைக்கடிகாரங்கள், ஒருவருடைய மூக்குக் கண்ணாடி, கயிறு அறுந்துபோன ஒரு டாலர், எங்கள் அணியில் ஆடும் ஐஸ் மாமாவின் மூக்குப்பொடி டப்பா. சுற்றி நின்ற ஊர் முழுக்கக் கத்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடியது. பெண்கள் கைக்குழந்தையோடு ஓடினார்கள். கால் சரியில்லாத ஊர்த் தலைவர்கூட வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். நான் எழுந்தால் மடியில் இருப்பதெல்லாம் மண்ணில் கொட்டிவிடும். அதனால் உட்கார்ந்தே இருந்தேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கோப்பை வாங்காத எங்கள் குப்பம் வாலிபாலில் ஜெயித்த நிமிடத்தில் நான் பார்த்த வேலை அதுதான், அடுத்தவர் சாமான் கீழே விழாமல் பார்த்துக்கொண்டது.

அந்த ஆட்டத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் அண்ணன் விரல் ஒடிந்த கையோடு ஆடி ஊருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த கதை. கல்யாணத்தில் சொல்வார்கள், காதுகுத்தில் சொல்வார்கள், சாவு வீட்டில் பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தும் சொல்வார்கள். சொல்லி முடிக்கிறபோது என் பக்கம் திரும்பி, "தம்பி எறங்கியிருந்தா காரியம் கெட்டிருக்கும். இன்னாபா, கரீட்டுதானே?" என்பார்கள். நானும் தலையாட்டுவேன். தலையாட்டித் தலையாட்டியே எனக்குக் கழுத்துவலி வந்துவிட்டது என்பாள் என் மனைவி. அது உண்மையில்லை. கழுத்துவலி கன்டெய்னர் யார்டு கேட்டில் நின்று நாள் முழுக்க லாரிகளை அண்ணாந்து பார்ப்பதால் வந்தது. ஆனால் அவள் அப்படிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். ஒருத்தியாவது கவனித்திருக்கிறாளே.

எங்கள் குப்பம் எண்ணூர்க் கரையில் இருந்தது. அங்கே எல்லாமே பங்குதான். கரைக்கு வந்த மீனை ஏலம் விட்டு, டீசலைக் கழித்து, படகுக்கு, வலைக்கு, எஞ்சினுக்கு, ஆளுக்கு என்று பிரிப்பது எல்லாக் குப்பத்திலும் உண்டு. எங்கள் ஊரில் அதோடு நிற்காது. அம்மன் கோயில் கிடா வெட்டினால் கறியைக் கூறு போட்டு வகையறாவுக்கு ஒரு கூறு. ஏதோ ஒரு கம்பெனி ஊருக்கு ஒரு வாட்ச்மேன் வேலை கொடுத்தபோது, அந்த ஒரு வேலையையும் வகையறாவுக்கு ஒரு மாதம் என்று முறை வைத்துப் பார்த்தார்கள். சம்பளம் வாங்கும் ஆள் மாதா மாதம் மாறுவதைப் பார்த்துக் கம்பெனிக்காரன் குழம்பிப்போனான். வகையறா என்றால் ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழிவந்த குடும்பங்கள். எங்கள் குப்பத்தில் ஆறு வகையறா இருந்தது. வாலிபாலில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவன் எங்கள் ஊரை ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று தலைவர் இன்றைக்கும் நம்புகிறார்.

ஆகவே எங்கள் அணியில் வகையறாவுக்கு ஓர் இடம். யார் நன்றாக ஆடுகிறான் என்ற கேள்விக்கே அங்கே வேலை இல்லை. ஒரு வகையறாவில் மூத்தவன் ஒருவன் இடத்தைப் பிடித்தால், அவனாக விடுகிறவரைக்கும் அது அவனுடையது. அவனுக்கு அடிபட்டாலோ உடம்புக்கு முடியாமல் போனாலோ அதே வகையறாவில் இன்னொருவன் இறங்கலாம். அப்படி வெளியே காத்திருப்பவனுக்கு எக்ஸ்ட்ரா என்று பேர். எங்கள் வகையறாவின் இடம் அண்ணனுடையது. எக்ஸ்ட்ரா நான்.

சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம் வரும். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் காசிமேட்டு விசைப்படகுகளில் போகிறவர்கள். அவர்களுக்கு ஒன்றரை மாதம் கடல் கிடையாது. அந்த நாட்களில்தான் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள குப்பங்கள் சேர்ந்து வாலிபால் போட்டி நடத்தும். திருவொற்றியூரில் பெரிய ரோட்டை ஒட்டி ஒரு பொட்டல் இருந்தது. கம்பம் நட்டு, வலை கட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டு, மைக் செட் வைத்துவிட்டால் அது மைதானம். நாங்கள் எல்லா வருஷமும் போனோம். எல்லா வருஷமும் தோற்றோம். சில வருஷம் முதல் ஆட்டத்திலேயே தோற்று, டெம்போவில் ஏற்றிவந்த புளிசாதத்தை யார் முகத்தையும் பார்க்காமல் தின்றுவிட்டு மத்தியானத்துக்குள் வீடு திரும்பிவிடுவோம். சில வருஷம் மூன்றாம் நாள் வரைக்கும் தாக்குப்பிடித்துத் தோற்போம். அதுதான் இன்னும் கொடுமை, ஏனென்றால் நம்பிக்கை வந்திருக்கும்.

தோல்விக்குக் காரணம் ஊருக்கே தெரியும். ஐஸ் மாமா. ஐஸ் பாக்டரியில் பனிக்கட்டிப் பார் உடைக்கும் வேலை அவருக்கு. மனிதர் தங்கம். உடம்பு மட்டும் அகலம். அவர் வகையறாவில் மற்ற ஆண்கள் எல்லாம் கிழவர்கள் அல்லது பொடியன்கள், அதனால் அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது. எதிரி போட்ட சர்வீஸ் அவரிடம் போனால் பந்து அவர் கையில் பட்டு இடது பக்கம் தெறிக்கும். எப்போதும் இடது பக்கம். "இன்னா மாமு, கையில ஸ்டேரிங் வெச்சிகீறியா?" என்று எதிர்ப்பக்கத்துக் கூட்டம் கத்தும். மாமா சிரித்துக்கொண்டே கோட்டோரம் வந்து, என்னிடம் டப்பாவை வாங்கிப் பொடி போட்டுக்கொள்வார். அவர் நல்ல ஆட்டக்காரர் இல்லை என்பதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. ஊர் கொடுத்த இடம், நின்றார். எனக்கு அவர்மேல் பொறாமைகூட இருந்தது. நான் ராத்திரி பகலாகக் கனவு கண்ட இடத்தில் அவர் பொடி போட்டுக்கொண்டு நின்றார்.

நான் நன்றாக ஆடுவேன். இதை நானே சொல்லிக்கொள்வது அசிங்கம்தான். ஆனால் வேறு யாரும் சொல்லவில்லை, நான் என்ன செய்ய? அண்ணனைவிடப் பத்து வயது இளையவன், அவரைவிட ஒரு சாண் உயரம். சாயங்காலம் கரை மணலில் பழகும்போது அண்ணன் பந்தை வலைக்கு மேலே ஏற்றிக் கொடுப்பார், நான் எகிறி அடிப்பேன். அடித்த பந்து அடுத்த பக்கத்து மணலில் குழி பறிக்கும். வலை பின்னிக்கொண்டிருக்கும் ஆட்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அண்ணன் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். பந்தை எடுத்துவரச் சொல்லிவிட்டு அடுத்ததை ஏற்றிக் கொடுப்பார். அவர் ஏற்றிக் கொடுக்கும் பந்து மாதிரி வேறு யார் கொடுத்தும் நான் பார்த்ததில்லை. எந்த இடத்துக்கு என் கை போகுமோ அந்த இடத்தில் வந்து பந்து ஒரு கணம் நின்று காத்திருக்கும். எங்கள் அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர் அண்ணன்தான். பேச்சு குறைவு. அந்தப் பந்துகளைத்தான் நான் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் போட்டி என்று வந்தால் அண்ணன் உள்ளே, நான் வெளியே. இரண்டு பேரும் சேர்ந்து ஆட வழியே இல்லை, ஒரு வகையறாவுக்கு ஓர் இடம்தானே. ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டேன். காலையில் கரையேறி வலையிலிருந்து சங்கரா கழற்றிக்கொண்டிருந்தோம்.

"ண்ணா, இந்த வாட்டி ஒரே ஒரு ஆட்டம் நா எறங்கறேனே. மொத ஆட்டம் மட்டும்."

அண்ணன் மீனைக் கழற்றுவதை நிறுத்தவில்லை. "பங்குன்னா பங்குதான். எடத்த உட்டு நா எறங்குனா நீ ஏறு. உன் பங்கு எங்க ஓடிப்பூடப் போவுது? அதுக்குள்ள இன்னா அவசரம்?"

அவசரம்தான். எனக்கு அப்போதே முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ராயபுரம் பக்கத்து அணிக்காரர்கள் ஒரு தடவை ஆள் அனுப்பினார்கள், எங்களோடு வந்து ஆடு, ஹார்பர் பக்கம் ஒரு வேலைக்கும் சொல்லி வைக்கிறோம் என்று. அண்ணனிடம் சொன்னேன். "உன் இஸ்டம்" என்றார். போகவில்லை. அடுத்த வருஷம் வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஐஸ் மாமா பக்கமாகப் பார்த்துப் பந்தை அடிக்க என்னால் முடியுமா? முடியாது. அந்த வேலை கிடைத்திருந்தால் இன்றைக்குப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பேன் என்று என் மனைவிக்கு ஒரு கணக்கு உண்டு. அவள் சொல்வதும் சரிதான்.

ஜெயித்த வருஷத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் எங்கள் அணியில் ஒன்றும் மாறவில்லை. விஷயமே அதுதான் என்று பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. மற்றக் குப்பங்கள் வருஷா வருஷம் நல்ல ஆளாகப் பார்த்துத் தேடிப் போட்டன. வெளியூர்ப் பையன்களைக் கூட்டிவந்து சோறு போட்டுத் தங்கவைத்தன. எங்களுக்கு அந்தப் பேச்சே கிடையாது. அதே ஆறு பேர். ஒருவனையும் நீக்க முடியாது, ஒருவனையும் சேர்க்க முடியாது. அப்படியே ஆடி ஆடி அந்த ஆறு பேருக்கும் ஒருவர் குறை ஒருவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஐஸ் மாமாவின் பந்து இடது பக்கம் தெறிக்கும் என்றால், தெறிப்பதற்கு முன்னாலேயே அண்ணன் அங்கே போய் நிற்பார். முன்வரிசையில் ஒருவருக்கு வலது தோள் தூக்காது, ஆகவே அவருக்குத் தாழ்வாகத்தான் பந்து போகும். யாருக்கு வெயில் கண்ணில் அடிக்கும், யார் மூச்சு வாங்கும்போது சொல்லமாட்டார், எல்லாம் தெரியும். மற்ற அணிகளின் நல்ல ஆட்டக்காரர்களுக்கு, தங்களில் ஒருவன் தப்புச் செய்தால் கோபம் வந்தது. எங்களவர்களுக்குத் தப்பு வரும் என்று தெரிந்தே இருந்தது. ஓர் ஆட்டம் ஜெயித்தார்கள், இன்னொன்று ஜெயித்தார்கள், பைனலுக்கு வந்துவிட்டார்கள். வந்து நின்ற பிறகுதான் ஊருக்கே பயம் பிடித்தது.

பைனல் அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. கடற்காற்று வர நேரமாகும் என்று தெரிந்தும் மத்தியானமே ஆரம்பித்துவிட்டார்கள், கோப்பை கொடுக்க வந்த மளிகை மொத்த வியாபாரி அண்ணாச்சி கடைக்குத் திரும்ப வேண்டுமாம். எதிரே ராயபுரம் பக்கத்து அணி. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன், ஷூ. எங்களவர்கள் வெறுங்கால். முதல் செட் அவர்கள், இரண்டாவது செட் நாங்கள். மூன்றாவதில் பதினைந்து புள்ளி எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்று மாற்றி ஒன்றாக ஏறிக்கொண்டே வந்தது. பதினொன்று வந்தபோது அவர்கள் பக்கத்தில் ஓர் உயரமான ஆள் அடித்த பந்தைத் தடுக்க அண்ணன் கையைத் தூக்கினார். பந்து விரல் நுனியில் பட்டது. சத்தம் எனக்குக் கேட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் நான் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணனின் வலது மோதிர விரல் பக்கவாட்டில் திரும்பி நின்றது.

ஆட்டம் நின்றது. கூட்டம், "வெரலு பூட்ச்சிபா! தம்பிய எறக்கு, தம்பிய எறக்கு!" என்று கத்தியது. தலைவரும் எழுந்து, "எறக்கலாம், ஒரே வகையறா, முறைதான்!" என்று நடுவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் மடியில் இருந்த மூட்டையைத் தலைவர் கையில் திணித்துவிட்டு எழுந்தேன். சட்டையைக் கழற்றினேன். அந்த நேரம் எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். அண்ணனுக்கு அடிபட்டதே என்ற கவலை துளிகூட இல்லை. சந்தோஷம். கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எத்தனை வருஷம் மணலில் அடித்த பந்து, இன்னும் நாலே நாலு அடித்தால் போதும்.

அண்ணன் என்னைப் பார்த்தார். சரியாக என் கண்ணைப் பார்த்தார். பிறகு துண்டின் ஓரத்தைப் பல்லால் கிழித்து, திரும்பிய விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டச் சொல்லி ஐஸ் மாமாவிடம் கையை நீட்டினார். "ஒண்ணியும் இல்ல. வலிக்கல. சர்வீஸ் போடுங்கபா" என்றார். என்னைப் பார்த்த அதே முகத்தோடு வலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கொஞ்ச நேரம் வெறும் உடம்போடு கோட்டோரம் நின்றேன். பின்னால் யாரோ, "குந்துபா, மறைக்குது" என்றார்கள். போய் உட்கார்ந்தேன். தலைவர் மூட்டையைத் திரும்ப என் மடியில் வைத்தார்.

கடைசிப் புள்ளியைத்தான் எல்லோரும் நடித்துக் காட்டுவார்கள். ராயபுரத்தான் வேண்டுமென்றே ஐஸ் மாமாவுக்குப் போட்டான். பந்து மாமா கையில் பட்டு இடது பக்கம் பறந்தது. அண்ணன் அங்கே முன்பே போய் நின்றிருந்தார். வலது கையை நெஞ்சோடு ஒடுக்கிக்கொண்டு இடது கையாலேயே பந்தை ஏற்றிவிட்டார். தோள் தூக்காத ஆளுக்கு, அவருக்கு வேண்டிய தாழ்வில், அது போய்ச் சேர்ந்தது. அவர் அடிக்கக்கூட இல்லை, தட்டினார். அந்தப் பக்கத்து உயரமான ஆட்கள் எல்லோரும் பெரிய அடிக்காகப் பின்னால் நின்றார்கள். பந்து வலையை ஒட்டிப் பொத்தென்று விழுந்தது. விசில். மற்றதைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

மேடையில் அண்ணாச்சி கோப்பையை நீட்டியபோது அண்ணனால் வலது கையால் வாங்க முடியவில்லை. "ஏய்யா, கை என்னமா வீங்கியிருக்கு! ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கய்யா மொதல்ல" என்று அண்ணாச்சி பதறிப்போனார். யாரும் கூட்டிப்போகவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு மேளத்தோடு எண்ணூர் வரைக்கும் ஊர்வலம் போனார்கள். மறுநாள்தான் கட்டுப் போட்டது, அதனால் விரல் கோணலாகவே கூடிவிட்டது. கோப்பையையும் எங்களவர்கள் பங்கு வைத்தார்கள், வகையறாவுக்கு இரண்டு மாதம் என்று. எங்கள் முறை வந்தபோது அண்ணி அதை டிவி மேல் வைத்து அதற்கு ஒரு பூ வைத்தார். நான் அந்த இரண்டு மாதமும் டிவி பார்க்கவில்லை.

அடுத்த தடைக்காலம் வருவதற்கு முன்னாலேயே அண்ணன் ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "இனிமே எங்க எடம் தம்பிக்கு" என்று சொல்லிவிட்டார். முறைப்படி எல்லோரும் கைதட்டினார்கள். ஷூ வாங்கினேன், சொன்னால் சிரிப்பீர்கள், திருவொற்றியூர்த் தேரடியில் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கினேன். அந்த வருஷம் பொட்டலைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள். உள்ளே கன்டெய்னர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். வேறு இடம் பார்க்கலாம் என்று குப்பங்கள் கூடிப் பேசின, பேசிக்கொண்டே இருந்தன. போட்டி அதோடு நின்றது. நான் இன்று வேலை பார்ப்பது அந்த யார்டு இல்லை, அதற்கு நாலு யார்டு தள்ளி. அவ்வளவு பொருத்தமாகவெல்லாம் நமக்கு எதுவும் அமைவதில்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் நடந்ததுதான். கடல் கரையைத் தின்றது. எங்கள் வரிசை வீடுகள் போயின. எர்ணாவூர்க் குடியிருப்பில் ஆளுக்கு ஒரு வீடு கொடுத்தார்கள். அண்ணனுக்கு நாலாவது மாடி, எனக்கு இரண்டு பிளாக் தள்ளித் தரைத்தளம். அண்ணனுக்குச் சர்க்கரை. காலில் ஒரு புண் வந்து, இரண்டு விரலை எடுத்து, பிறகு பாதி பாதத்தையே எடுத்துவிட்டார்கள். கடலில் கிடந்த மனிதர் நாலாவது மாடி நடையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அனல் மின் நிலையத்துப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கொஞ்சம் நெத்திலியோ காரப்பொடி மீனோ வாங்கிக்கொண்டு மேலே போவேன். அண்ணி குழம்பு வைப்பார். சாப்பிட்டுவிட்டு வருவேன். நாங்கள் வாலிபாலைப் பற்றிப் பேசியதே கிடையாது.

எனக்குள் நான் ஒரு சமாதானம் செய்துவைத்திருந்தேன். அந்த ஆறு பேர் ஒருவர் குறையை ஒருவர் தெரிந்து ஆடியதால்தான் ஜெயித்தார்கள். நடுவில் நான் போய் நுழைந்திருந்தால் அந்தக் கட்டு அவிழ்ந்திருக்கும். ஐஸ் மாமாவின் பந்து இடது பக்கம் போகிறபோது நான் வலையோரம் அடிக்கக் காத்து நின்றிருப்பேன். அண்ணன் அதை யோசித்துத்தான் என்னைக் கூப்பிடவில்லை. ஊர் சொல்வது சரி, தம்பி இறங்கியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். முதலில் தலையை மட்டும்தான் ஆட்டினேன். பிற்பாடு உண்மையாகவே நம்பத் தொடங்கினேன். நான் நினைத்த அளவுக்கு நான் நல்ல ஆட்டக்காரன் இல்லை என்று வைத்துக்கொண்டால் ஒருவழியாகத் தூக்கம் வந்துவிடுகிறது. வயதும் ஆகிவிட்டது. எத்தனை காலத்துக்குத்தான் ஒன்றையே நினைத்துக்கொண்டிருப்பது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவர் வந்தார். அந்தக் காலோடு நாலு மாடியும் ஏறி வந்து, அண்ணி கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிக்கிறவரைக்கும் அவரால் பேச முடியவில்லை. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அண்ணனுக்கு மேடையில் சால்வை போடப்போகிறார்களாம். பேனர் அடிக்கிறார்களாம். "வெரலு ஒடிஞ்சும் ஆடுன சிங்கம்னு எயுதச் சொல்லிகீறேன். நாலு பசங்க வந்து உன்ன சேரோட தூக்கினு போவாங்க. நீ ஒண்ணியும் கவலப்படாத" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கதையை ஆரம்பித்தார். துண்டைக் கிழித்தது, இடது கை, தட்டல், எல்லாம். "தம்பி எறங்கியிருந்தா..." என்று அவர் இழுத்தபோது நான் வழக்கம்போலத் தலையாட்டினேன்.

"நா வரல" என்றார் அண்ணன்.

தலைவர் கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார். அண்ணன் புகைபோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசியில், "ஒடம்பு முடியாதவன்கிட்ட இன்னா பேசறது, அப்பால வரேன்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கிப்போனார். அண்ணி குழம்பைப் பார்க்க உள்ளே போனார். நான் தலைவர் குடித்த சொம்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அது பொய்டா" என்றார் அண்ணன்.

"எது?"

"நீ எறங்கியிருந்தா தோத்துருப்போம்னு சொல்றானுங்களே, அது." இன்னும் என்னைப் பார்க்கவில்லை. "நீ எறங்கியிருந்தா ஜெயிச்சிருப்ப. நாலு பந்து. நாலையும் அடிச்சிருப்ப. எனக்கு அது தெரியும். அதான் எறக்கல."

அவரே மேலே பேசினார்.

"நீ வந்து நாலு அடி அட்ச்சி ஜெயிச்சிட்டன்னு வெய்யி. ஊர்ல இன்னா கேப்பான்? இத்தினி வருசம் இவன இன்னாத்துக்குடா வெளிய குந்த வெச்சேன்னு கேப்பான். பங்கு, முறைன்னு நா சொன்னதெல்லாம் அப்பால எங்க நிக்கும்? தோத்திருந்தாக்கூட தாங்கியிருப்பேன். நீ ஜெயிச்சிருந்தா நா எங்க போயி மூஞ்ச வெச்சிக்கிறது?" கோணல் விரலை இன்னொரு கையால் மூடிக்கொண்டார். "கோட்டாண்ட சட்டையில்லாம நின்ன பாரு. அது கண்ணுலயே கீது."

கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து எழுந்தேன். "இன்னாப்பா, சாப்டாம கெளம்பற?" என்று அண்ணி உள்ளேயிருந்து கேட்டதற்குப் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டினேன். நாலு மாடியும் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. இந்த மனிதர் சோறு போட்டு வளர்த்தார், மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார், கல்யாணம் செய்துவைத்தார், என் ஒரே ஆசையை மட்டும் தெரிந்தே எடுத்துக்கொண்டார். போட்டி நின்று, மைதானம் போய், என் முட்டி தேய்ந்து, எல்லாம் முடிந்த பிறகு இப்போது சொல்கிறார். இனிமேல் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பழைய சமாதானமும் போயிற்று. இனி அதையும் சொல்லித் தூங்க முடியாது.

கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிழலில் நின்றேன். பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் ஒரு டிரெய்லர் லாரி போய், எல்லோர் மேலும் தூசியைப் போட்டுவிட்டுப் போனது. மூச்சு சீராகிக்கொண்டு வரும்போதுதான் அது உறைத்தது. நாலு பந்து, நாலையும் அடித்திருப்பாய் என்று சொன்னார். எத்தனையோ சாயங்காலம் எனக்குப் பந்தை ஏற்றிக் கொடுத்து, எத்தனையோ தடவை அது மணலில் குழி பறித்ததைப் பார்த்தும், ஒரு வார்த்தை சொல்லாத மனிதர். எனக்குத் தெரியும் என்று சொன்னார். அப்படியானால் அவர் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு முகத்தைக் கழுவிக்கொண்டேன். "மாமாவுக்கு இன்னாச்சி?" என்று ஒரு பெண் கேட்டாள். தூசி என்றேன்.

வீட்டுக்குப் போகலாம் என்று இரண்டடி வைத்தேன். வலது முட்டி குத்தியது. நாலு மாடி இறங்கின முட்டி, இன்றைக்கு இதற்குமேல் வேலை வாங்காதே என்றது. நின்று யோசித்தேன். கோபமும் அப்படியேதான் இருந்தது, போகவில்லை. ஆனாலும் திரும்பிப் படிக்கு வந்தேன். முதல் மாடியில் நின்றேன், இரண்டாவதில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், மேலே யார் வீட்டிலோ மீன் பொரிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மீதியையும் ஏறினேன். நாலையும் அடித்திருப்பாய் என்று அவரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்.